பழைய பைக் ஸ்விட்சை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

வட சென்னைக் கடலோரம் காசிமேட்டிலோ எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமோ வீடு. வண்டி நிற்பது தெருவில், தலைக்கு மேல் கூரை கிடையாது. வண்டிக்கு வயசும் பதினைந்தைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் என்றைக்காவது ஒருநாள் ஹாரன் ஊமையாகும், இல்லையென்றால் டிம்மில் எரிகிற ஹெட்லைட் பிரைட்டுக்குப் போட்டதும் அணைந்துவிடும். கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் பதில் தயாராக இருக்கும்: "ஸ்விட்ச் போயிடுச்சு தம்பி, புதுசு மாட்டிரலாம்." மெக்கானிக்கைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு ஸ்விட்சைப் பிரித்துத் துடைத்து மூட அவருக்கு அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணிக்கான கூலியைக் கேட்டால் நாம்தான் முகம் சுளிப்போம். புதுசு மாட்டுவது பத்து நிமிட வேலை.

ஆனால் பழைய ஸ்விட்சுகளில் நிறைய உண்மையில் போவதில்லை, அழுக்காகின்றன. கம்பெனியில் வந்தபோதே மாட்டியிருந்த ஸ்விட்சில் இருக்கும் பித்தளையும் பிளாஸ்டிக்கும், இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட்டில் இருப்பதைவிடத் தடிமனானவை. அதனால் கழற்றி எறிவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. ஸ்க்ரூட்ரைவரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தால் போதும், இந்த வேலையைச் செய்துவிடலாம்.

ஸ்விட்சுக்குள் என்ன நடக்கிறது?

ஹேண்டில்பார் ஸ்விட்ச் எதுவானாலும் உள்ளே விஷயம் ஒன்றுதான். ஒரு வயர் வந்து முடியும் உலோகத் தகடு, இன்னொரு வயர் புறப்படும் தகடு, இரண்டையும் சேர்த்துவிட நடுவில் நகரும் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். 'டக்' என்று இடம் மாறி நிற்க ஒரு குட்டி எஃகு குண்டு. அவ்வளவே.

கடற்காற்றில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இந்தத் தகடுகளில் படிந்தால் பித்தளையில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மழை பெய்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. மார்கழிப் பனியில் ராத்திரி முழுக்க நனைந்து, காலையில் வெயிலில் காய்ந்து, மறுபடி நனைவதே போதும். இதோடு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேரும்.

களிம்பு லேசாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் 35 வாட் ஹெட்லைட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். ஸ்விட்ச் முனையில் வெறும் 1 ஓம் தடை சேர்ந்தால் பல்புக்குப் போய்ச் சேர்வது 9½ வோல்ட் சொச்சம்தான். மிச்சமெல்லாம் ஸ்விட்சுக்குள்ளேயே சூடாக மாறும், சுமார் 5 வாட் அளவுக்கு. நகத்தளவு பிளாஸ்டிக்குக்கு நடுவில் 5 வாட் என்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகத்தான் செய்யும். உருகிப்போன டிம்-டிப் (டிம், பிரைட் மாற்றும்) ஸ்விட்சுகளின் கதை பெரும்பாலும் இதுதான். வெளிச்சம் மங்கும்போதே திறந்து துடைத்தால் ஸ்விட்ச் பிழைக்கும்.

திறப்பதற்கு முன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. குற்றம் ஸ்விட்சில்தானா என்று தெரியாமல் திறந்தால் நல்ல ஸ்விட்சும் கெடும்.

முதலில் பேட்டரி. சாவியைப் போட்டு இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் பாருங்கள். எல்லாமே மங்கலாக இருந்தாலோ எதுவுமே எரியாவிட்டாலோ ஸ்விட்சை மறந்துவிட்டு பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டும் வித்தை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்குப் பதில் வயரிங் எரியும்.

இண்டிகேட்டரில் இடது பக்கம் சிமிட்டுகிறது, வலது பக்கம் சிமிட்டவில்லை என்றால் விளக்கைச் சிமிட்டவைக்கும் ஃபிளாஷர் நன்றாகவே இருக்கிறது, அதை மாற்றி ஒரு பயனும் இல்லை. வலது பக்க பல்பு, அதன் எர்த் (வண்டி பாடியோடு சேரும் வயர்), கடைசியாக ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் எரிந்தபடியே நிற்கிறது, சிமிட்டவில்லை என்றால் ஸ்விட்ச் சரி, ஃபிளாஷரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி நடக்கும்.

ஹாரனுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் கத்தினால், ஸ்டியரிங் கழுத்துப் பக்கம் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழை ஒன்றிரண்டுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்விட்சை எத்தனை தடவை துடைத்தாலும் இது சரியாகாது.

ஹெட்லைட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, இன்ஜின் சுழற்றும் மேக்னெட்டோவில் இருந்து நேராக ஏசி கரன்டில் எரியும். இன்ஜின் ஓடாமல் லைட் வராது. அப்படிப்பட்ட வண்டியில் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்துவிட்டு 'கரன்டே வரலை' என்று ஸ்விட்சைக் கழற்றுவது வீண் வேலை. (2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது, அதனால் இந்தப் பேச்சு பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும்.)

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. 1950களின் நடுவிலிருந்து நம் திருவொற்றியூரிலேயே உருவாகி வந்த வண்டி அது. ஹெட்லைட் மேலே ஆம்பியர் மீட்டர் இருக்கும். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, பிரேக்கை மிதியுங்கள். முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் அசைந்தால் கரன்ட் போகிறது, அதாவது பிரேக் ஸ்விட்ச் வேலை செய்கிறது, பல்பும் எரிகிறது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

மீட்டரின் 'பீப்' சத்தத்தை முழுசாக நம்பாதீர்கள்

மல்டிமீட்டரில் பீப் சத்தம் வந்தால் ஸ்விட்ச் நல்லது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல மீட்டர்கள் 20, 30 ஓம் தடை இருந்தால்கூடப் பீப் அடிக்கும். மேலே பார்த்தோமே, 1 ஓமே ஹெட்லைட்டுக்கு அதிகம். ஆகவே 200 ஓம் அளவில் வைத்து எண்ணைப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்தத் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சில் வரும் எண்ணும் அதே அளவில் இருக்க வேண்டும். ஸ்விட்சை நாலைந்து தடவை போட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே எண் வருகிறதா என்றும் பாருங்கள். எண் தாவிக்கொண்டே இருந்தால் உள்ளே களிம்புதான். பேட்டரி இணைப்பு இருக்கும்போது ஓம் அளக்கக் கூடாது.

மீட்டர் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். பழைய இண்டிகேட்டர் ஹோல்டர் ஒன்றில் 10 வாட் பல்பைப் போட்டு, இரண்டு வயர், இரண்டு முதலை கிளிப் மாட்டினால் டெஸ்ட் லேம்ப் தயார். பல்பு உண்மையான சுமையை இழுப்பதால், மீட்டர் மறைப்பதையும் இது காட்டிக்கொடுக்கும்.

என்னென்ன வேண்டும்?

சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர், பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, 1000 நம்பர் உப்புத்தாள், கொஞ்சம் சிலிகான் கிரீஸ், ஒரு வெள்ளைத் துணி. வயர் வேலையும் இருந்தால் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி வயர் இணைப்பை மூடும் குழாய்). ஸ்பிரேயும் ஸ்லீவும் ரிச்சி தெருவில் கிடைக்கும். மற்றது பேட்டை ஹார்டுவேர் கடையிலேயே உண்டு.

ஜப்பானியக் கூட்டில் வந்த பழைய வண்டிகளின் ஸ்க்ரூ தலை, பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரியே இருந்தாலும் வெட்டு கொஞ்சம் வேறு. நம் சாதாரண ஸ்டார் அதில் முழுசாக உட்காராமல் நழுவி, தலையை மழுக்கிவிடும். முந்தின நாள் ராத்திரியே ஸ்க்ரூ மேல் துரு இளக்கும் ஆயிலை ஒரு சொட்டு விட்டு வையுங்கள். காலையில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அதன் பின்னால் சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு தட்டி, நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். திருப்பும் பலத்தைவிட அழுத்தும் பலம் அதிகமாக இருக்க வேண்டும்.

பிரித்துத் துடைத்தல்

பேட்டரியில் எர்த் வயரை முதலில் கழற்றிவிடுங்கள். மாட்டும்போது அதுதான் கடைசி. வண்டியைக் காற்றில்லாத, வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, ஹேண்டிலுக்குக் கீழே டேங்க் மேல் துணியை விரித்துவிடுங்கள்.

கீழ்ப்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஸ்விட்ச் கூடு இரண்டாகப் பிரியும். இரண்டு ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லாமல் இருக்கலாம், எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். வயர் நிறம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுங்கள். ஞாபகத்தை நம்பி இறங்கினால் மூடும்போது நிச்சயம் ஒரு ஸ்பிரிங் மிச்சம் வரும்.

இடது பக்கக் கூட்டைத் திறந்ததும் முதலில் தெரிவது பழைய கிரீஸ். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது தேன் நிறத்தில் இறுகி, மணல் ஒட்டிக் கிடக்கும். அதற்குள்தான் பித்தளைத் தகடுகள். நகரும் துண்டு தினமும் உரசும் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு, அதன் இரண்டு ஓரமும் பச்சை. அந்தக் கறுப்பு, தீப்பொறி பட்டுப் பட்டுக் கரிந்தது. பச்சை, உப்பு செய்த வேலை.

இண்டிகேட்டர், டிம்-டிப் துண்டுகளை வெளியே எடுக்கும்போதுதான் குண்டு பறக்கும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கில் பாதி இருக்கும் ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் கடுகைவிடச் சற்றே பெரிய குண்டு. அது சாக்கடைப் பக்கம் போனால் திரும்பி வராது. ஸ்விட்சையும் இரண்டு கையையும் ஒரு பெரிய, ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பிரிப்பதுதான் நல்ல வழி. தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

இனி துடைக்க வேண்டும். கான்டாக்ட் கிளீனரை அடித்து, பிரஷ்ஷால் பழைய கிரீஸை முழுக்க எடுங்கள். பெட்ரோலில் கழுவுவது கடைப் பழக்கம். அழுக்கு போகும், ஆனால் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் கிண்ணம் கூடவே கூடாது. அழுக்கு போனதும், உப்புத்தாளை மெல்லிய பட்டையாக மடித்து, கரிந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை லேசாகத் தேய்த்தால் போதும். பளபளவென்று வர வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சில தகடுகளுக்கு மேல்பூச்சு உண்டு, அது போய்விட்டால் அடுத்த மழையிலேயே மறுபடி களிம்பு பிடிக்கும். லேசான கறைக்குப் பென்சில் ரப்பரே போதும். தேய்த்த தூள் உள்ளே தங்காமல் இன்னொரு முறை ஸ்பிரே அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

துடைத்தும் சரியாகத் தொடவில்லை என்றால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். மெதுவாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழுத்துவிட்டால் அழுத்தம் திரும்ப வரும். ஹாரன் பொத்தானில் வளையும் தகடு இருந்தால் அதைக் கொஞ்சம் மேலே நெம்பிவிடலாம். குழி விழுந்த தகட்டின்மேல் ஈயம் வைத்து மேடாக்கும் வழக்கம் உண்டு. ஹாரனுக்குச் சில மாதம் தாங்கும். ஹெட்லைட்டுக்கு வேண்டாம், சூட்டில் ஈயம் இளகிப் பக்கத்துத் தகட்டைத் தொட்டுவிடும்.

கடைசியாக கிரீஸ். தகட்டின்மேல் மினுமினுப்பாகத் தெரிகிற அளவு போதும், குண்டு ஓடும் பள்ளத்தில் கொஞ்சம் கூடுதலாக. வாஸ்லின் தடவலாம் என்பார்கள், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் அது உருகி வழிந்துவிடும். துரு இளக்கும் ஆயிலை ஸ்விட்சுக்குள் அடித்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்பதும் இதே ரகம்தான். நாலு நாள் வேலை செய்யும், அப்புறம் அந்த ஆயிலிலேயே புழுதி ஒட்டிக்கொள்ளும்.

வயர் அறுந்திருந்தால்

முனையிலிருந்து பிய்ந்து வந்த வயரை அப்படியே ஈயம் வைத்து ஒட்டப் பார்த்தால் ஒட்டாது. செம்பு கறுத்துப்போயிருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை உறையைச் சீவிக்கொண்டே போங்கள். நீளம் பத்தவில்லை என்றால் புது வயர் ஒரு துண்டு சேருங்கள். மெல்லிய இழைகள் நிறைய இருக்கும் ஆட்டோ வயர்தான் வாங்க வேண்டும், ஹாரனுக்கும் லைட்டுக்கும் 0.75 சதுர மில்லிமீட்டர் தாராளம். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிட்டு அப்புறம் ஈயம் வையுங்கள். ஸ்விட்ச் முனையில் அயர்னை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகி முனையே சாய்ந்துவிடும்.

நிறத்தை வைத்து எர்த் எது என்று ஊகிக்காதீர்கள். ஹீரோ ஹோண்டாவில் பச்சை எர்த். அதே வண்டியில் கறுப்பு, சாவி போட்டதும் பேட்டரி கரன்ட் வரும் வயர். யமஹாவில் கறுப்புதான் எர்த். யமஹா பழக்கத்தில் ஹீரோ ஹோண்டாவின் கறுப்பை பாடியில் சேர்த்தால் ஃபியூஸ் அந்த நொடியே போகும்.

பழைய புல்லட்டிலும் இன்னும் சில வண்டிகளிலும் ஹாரன் பொத்தானுக்கு ஒரே வயர்தான் வரும். பொத்தான் அந்த வயரை ஹேண்டில்பார் வழியாக எர்த்தோடு சேர்க்கிறது. ஹேண்டில்பாருக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தபின் ஹாரன் வேலை செய்யவில்லை என்றால் காரணம் அதுதான். கூடு உட்காரும் இடத்தில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

மூடும்போது

கூட்டின் உள்பக்கம் ஒரு சிறு முளை இருக்கும். அது ஹேண்டில்பாரில் இருக்கும் துளைக்குள் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்று அதை வெட்டிவிட்டால் ஸ்விட்ச் சுழன்றுகொண்டே இருக்கும், வயர் முறுக்கி அறுந்துபோகும். வயர் எதுவும் கூட்டின் ஓரத்தில் நசுங்காமல் பார்த்து, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அலுமினிய மரை, அதிகம் இறுக்கினால் வழுக்கிவிடும்.

வலது பக்கக் கூடு என்றால் பல வண்டிகளில் ஆக்சிலேட்டரும் அதற்குள்தான். மூடியபின் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பியும் பாருங்கள். எந்தப் பக்கமாவது இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் சிக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

பிரேக் ஸ்விட்சும் சாவி ஸ்விட்சும்

பின் பிரேக் லைட் ஸ்விட்ச், பெடலிலிருந்து ஒரு ஸ்பிரிங்கால் இழுக்கப்படுவது. தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வெள்ளத்தண்ணீர் முதலில் நுழைவதும் இங்கேதான். பெரும்பாலும் மூடி ஒட்டியே வரும், விலையும் குறைவு. இதைப் பிரிக்க உட்கார வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஆனால் மாற்றும் முன் அதன் நட்டைத் திருப்பிப் பாருங்கள், பாதி நேரம் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்ததுதான் கோளாறாக இருக்கும். நட்டைத் திருப்பும்போது ஸ்விட்ச் உடலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், உடலும் கூடச் சுழன்றால் வயர் முறியும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் லைட் வர வேண்டும். முன் பிரேக் லீவரில் இருக்கும் சின்ன ஸ்விட்சுக்குச் சோதனை எளிது: இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டால் லைட் எரிகிறதா? எரிந்தால் ஸ்விட்ச்தான் கோளாறு.

சாவி ஸ்விட்ச் கொஞ்சம் வேறு மாதிரி. சிடிஐ (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) உள்ள பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் சாவியை ஆஃப் செய்ததும் இன்ஜின் அணைவது பேட்டரி கரன்ட் நிற்பதால் அல்ல, சிடிஐயின் ஒரு வயர் எர்த்தோடு சேர்வதால். வலது கைப்பக்கம் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சும் அப்படித்தான். கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறியபின் வண்டி நின்றுபோனால், பிளக் கேப்புக்கு அடுத்தபடியாக இந்த இரண்டையும் சந்தேகப்படுங்கள். ஈரத்தில் கரன்ட் கசிந்து எர்த் ஆகியிருக்கலாம். சிடிஐயிலிருந்து வரும் அந்தக் கில் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள், ஸ்டார்ட் ஆனால் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது சாவியில் இன்ஜின் அணையாது. கியர் போட்டு, பிரேக் பிடித்து, கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும். சாவித் துளைக்குள் ஆயில் விடாதீர்கள், பென்சில் கரித்தூள் போதும்.

புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகி, தகடு ஆடுகிறதென்றால் அதோடு போராடாதீர்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஸ்விட்ச் செட் கிடைக்கும். பழைய ஸ்விட்சையும் மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். கனெக்டரில் எத்தனை பின், எந்த நிறம் எந்த இடத்தில் என்று பழையதோடு வைத்துப் பாருங்கள், ஒரே பெயர் வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும். வயரை விரலால் உருட்டிப் பார்த்தாலே தடிமன் தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே மீட்டரில் எண்ணைப் பாருங்கள். "இன்னாணா, புதுசே தாவுது?" என்று கேட்டால் அவரே உள்ளேயிருந்து வேறு ஒன்று எடுத்துத் தருவார்.

சத்தம் அதிகமான டபுள் ஹாரன் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் புது ஸ்விட்சோடு ஒரு ரிலேயும் வாங்கிவிடுங்கள். ஹாரனின் முழுக் கரன்டும் பொத்தான் வழியாகப் போகாமல் ரிலே வழியாகப் போகும், பொத்தான் கரியாது. பழைய ஸ்விட்சைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்த எஃகு குண்டும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைப்பது கஷ்டம், ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள்.